மெல்ரோயின் படகை இழுத்த வண்டி

கடலில் காணாமற்போன மெல்ரோயின் படகு, ஆளில்லாமல் தனியே வந்து இலங்கைத்துறைக் கரையில் ஏறிய பிறகு, நாளுக்கு நாள் பாரம் கூடிக்கொண்டு போனது. வந்த அன்று நாலு பேர் பிடித்து, கதைத்துக்கொண்டே அலை படாத இடத்துக்குத் தூக்கி வைத்தார்கள். அடுத்த கிழமை இன்னும் சற்று மேலே வைப்போம் என்று போன அதே நாலு பேரால் ஒரு பக்கத்தைக்கூட நிமிர்த்த முடியவில்லை. ஊரே திரண்டு வந்து தோள் கொடுத்தும் அது அசையவில்லை. அது ஒரு பைபர் படகு. உள்ளே வலை இல்லை, எஞ்சின் இல்லை. குறுக்குப் பலகைக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் கிடந்தது. மீன்பிடி அலுவலகத்தில் இருந்து வந்தவர் படகின் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் படகுதான் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அவர் சொன்னதில் பிழை இல்லை. இலங்கைத்துறைச் சனம் சில நாள் அதைப் பற்றிக் கதைத்தது. பிறகு அந்தப் படகின் நிழலில் இருந்து வலை பொத்தத் தொடங்கியது.

மெல்ரோயின் தாய் மாகிரட்டின் வீடு தூரத்தில், திருகோணமலைப் பக்கம் பாலையூற்றில் இருந்தது. புருசன் இக்னேசியஸ் முன்னமே காய்ச்சலில் மோசம்போனவர். வீட்டில் மாகிரட்டும் மருமகள் நிலுஷாவும் மட்டுந்தான். தேடப் போன படகுகள் எல்லாம் திரும்பிய பிறகு பாதர் வந்து, உடல் கிடைக்காவிட்டாலும் பூசை வைக்கலாம், தகப்பனுக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை நடலாம் என்று மெதுவாகச் சொன்னார். மாகிரட் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "குடிச்சிட்டுப் போங்கோ பாதர். மகன் வந்தாப் பிறகு நன்றிப் பூசை ஒண்டு வைப்பம்" என்றார். ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்ட வந்த அயலவர்களைக் கொடியோடு திருப்பி அனுப்பினார். நிலுஷா கறுப்புச் சட்டையை எடுத்தபோது அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் அவன் ஆயுசு குறையும் என்று சொன்னார். அன்றிலிருந்து நிலுஷாவுக்கு அழுகை வந்தால் அவள் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். தொட்டி நிரம்பி வழிகிறதை வைத்து, இன்றைக்கு அந்தப் பிள்ளை எவ்வளவு அழுதிருக்கிறது என்று பக்கத்து வீட்டார் கணக்குப் பார்த்தார்கள்.

மாகிரட் ஒவ்வொரு மத்தியானமும் மெல்ரோயின் கோப்பையில் சோறு போட்டு, மேலே இன்னொரு கோப்பையால் மூடி மேசையில் வைத்தார். சோறு வைத்த நாளெல்லாம் படகு ஒரு விரல் அளவு மணலுக்குள் இறங்கியது. மாகிரட் சுகமில்லாமல் படுத்து, சோறு வைக்காமல் விட்ட அன்று அது இறங்கவில்லை. இலங்கைத்துறையில் இருந்தவர்களுக்குச் சோற்றைப் பற்றித் தெரியாது. பாலையூற்றில் இருந்தவர்களுக்கு மணலைப் பற்றித் தெரியாது. இரண்டையும் அறிந்தவர்கள் பிறகுதான் சேர்த்துக் கதைத்தார்கள்.

மாரி வரப்போகிறது என்ற கதை தொடங்கியதும் மாகிரட்டுக்கு நித்திரை போய்விட்டது. வாடைக் காற்றோடு வருகிற கடல் அந்தக் கரையை ஆண்டுதோறும் தின்கிறது. படகு அங்கே கிடந்தால் அதையும் கொண்டுபோய்விடும். அதற்கு முன் படகை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவரவேணும் என்று மாகிரட் ஒற்றைக்காலில் நின்றார். "வந்து, என்ர போட் எங்கயம்மா எண்டு கேட்டா, நான் அவனுக்கு என்னத்தைக் காட்டுறது?" என்று காண்கிற எல்லாரிடமும் கேட்டார். கடைசியில், அண்ணன் என்ற முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற மூதூர் ஸெய்னுதீனிடம் போனார்.

ஸெய்னுதீனுக்கு ஒரு கரையில் இருந்து இன்னொரு கரைக்கு ட்ரெயிலரில் படகு ஏற்றுவதுதான் தொழில். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் குலம், குணம், குடி எல்லாம் விசாரிக்கிற மாதிரி, எந்தப் படகுக்கு எந்த வாகனம் என்று அவர் நின்று விசாரிப்பார். படகைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு மாகிரட்டுக்கு விளக்கம் சொன்னார். "எஞ்சினைப் பாத்து ஏமாறப்படாது அக்கா. இழுக்கிறதை ஆரும் இழுப்பான். நிப்பாட்டுறதுதான் வேலை. இறக்கத்தில பின்னால வாற பாரம் முன்னால போறதைத் தள்ளிக்கொண்டு போயிடும். பின்னுக்கு வாறதை விட முன்னுக்குப் போறது பாரமா இருக்கவேணும்."

"அப்ப இதை விடப் பாரமா என்ன இருக்கு நானா?"

"பாப்பம். சின்னதில தொடங்குவம்."

முதலில் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று வந்தது. மணலுக்கு அதுதான் தோது என்று எல்லாரும் சொன்னார்கள். படகின் மூக்கில் கயிற்றைக் கட்டி இழுத்தபோது அதன் இரண்டு சில்லும் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டின. "நானா, தண்ணி கண்டா சொல்லுங்கோ, குழாய் இறக்குவம்" என்று வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். பிறகு ஸெய்னுதீனின் நாலு சில்லும் இழுக்கிற பெரிய உழவு இயந்திரம் வந்தது. சங்கிலி நூல் மாதிரி அறுந்தது. ஒரு ஹோட்டல்காரரின் டபுள் கப் பிக்கப் வந்தது. கம்பி சுற்றுகிற இழுவைப் பொறியும் முன்னுக்கு இருந்தது. இழுத்து முடிந்தபோது முன் பம்பர் கழன்று படகோடு நின்றுவிட்டது. ட்ரைவர் அதைத் தூக்கிப் பின்னுக்குப் போட்டுக்கொண்டு போனார். பத்துச் சில்லு லொறி ஒன்று வந்து, தன்னையே மணலில் இருந்து எடுக்க இன்னொரு லொறியைக் கூப்பிட்டது. கடைசியில் வீதி போடுகிறவர்களின் மண் வெட்டும் பெக்கோவைக் கொண்டுவந்தார்கள். கைப்பல் வளைந்து, பின் சில்லு ஆகாயத்துக்கு எழும்பி நின்றபோது, "இது போட் இல்ல நானா, மலை" என்றார் அதை ஓட்டியவர்.

"மலையெண்டா நீ தினமும் வெட்டுறாய்தானே" என்றார் ஸெய்னுதீன்.

அந்தப் பெக்கோ ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் கனகரத்தினத்தின் பிரேத வண்டி அந்தப் பக்கம் வந்தது. கனகரத்தினம் திருகோணமலையில் சவப்பெட்டியும் வண்டியும் கொடுக்கிற ஒரு சிறு மலர்ச்சாலை வைத்திருந்தார். வண்டி ஒரு பழைய வான். சின்ன மேட்டிலும் இருமும். பின்னுக்கு ஒரு கொளுக்கிகூட இல்லை. இலங்கைத்துறையில் ஒரு கிழவரை அடக்கம் செய்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியவர், வழி இல்லாததால் கரைப் பக்கமாக இறக்கி, படகுக்கு அருகால் ஊர்ந்து போனார். அப்போது ஒரு கயிறும் கட்டாமல், ஒருவரும் தொடாமல், படகு மணலில் இருந்து கிளம்பி அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு பாய் நீளத்துக்கு நகர்ந்தது. வண்டி வீதியில் ஏறி மறைந்ததும் நின்றுவிட்டது. அங்கே நின்ற எல்லாரும் கண்டார்கள். ஸெய்னுதீன் குனிந்து அறுந்த சங்கிலியைச் சுற்றத் தொடங்கினார். மாமியோடு வந்திருந்த நிலுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். மாகிரட் கடலைப் பார்த்தபடி, "காத்துத் தள்ளியிருக்கும்" என்றார். அன்று இலை ஆடக் காற்று இருக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மாகிரட் வழக்கம்போலக் கோப்பையில் சோறு போட்டார். நிலுஷா குசினி வாசலில் நின்றாள்.

"மாமி, நீங்களும் கண்டனீங்கள்தானே."

"என்னத்தை?"

"அவர் அந்த வண்டிக்குப் பின்னால போனவர்."

"போட்தான் போனது."

"ஓம். போட்தான். வீட்ட வாறதுக்கு அது ஒரு வண்டி தேடிக்கொண்டு நிக்குது மாமி. நீங்கள்தான் விடுறீங்கள் இல்லை."

மாகிரட் கறிச் சட்டியைக் கீழே வைத்தார். "உனக்கென்ன. நீ சின்னப் பிள்ளை, நாளைக்கு இன்னொருத்தன் வருவான். எனக்கு இன்னொரு மகன் வருவானா?" என்றார்.

நிலுஷா கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போட்டாள். தொட்டி நிரம்பி, வாழைக்குப் பாய்ந்து, ஒழுங்கை வரைக்கும் தண்ணீர் ஓடியது. மாகிரட் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கனநேரம் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பிப் போய் மோட்டரை நிற்பாட்டினார். சத்தம் நின்றதும் அழுகை வெளியே கேட்டது.

"கரண்ட் வீணாகுது" என்றார் மாகிரட். "இஞ்ச உள்ளுக்கு வந்து அழு பிள்ளை."

அன்று பின்னேரம் மூடி வைத்திருந்த அந்தக் கோப்பையைத் திறந்து இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள். சோறு ஆறிக் குளிர்ந்து போயிருந்தது.

விடிந்ததும் மாகிரட் கனகரத்தினத்தின் மலர்ச்சாலைக்குப் போனார். அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஆர் மோசம்போனது அம்மா?"

"ஒரு போட் இழுக்கவேணும்."

"இது அதுக்கு ஆகாது. பழைய எஞ்சின், கொளுக்கியும் இல்லை. லொறி பிடியுங்கோ."

"லொறி பாத்தாச்சு."

கனகரத்தினத்துக்கு விளங்கியது. இலங்கைத்துறையில் தனக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது அவருக்கும் காதில் விழுந்திருந்தது. இருந்தாலும் சொன்னார்: "பேர் சொல்லாம நான் வண்டித் திறப்பைத் திருப்புறேல்லை அம்மா. சொந்தக்காரர்தான் சொல்லவேணும். ஒருக்கா ஒருத்தன் போனில கூப்பிட்டு, மச்சானுக்கு வண்டி வேணும் எண்டான். போய்ப் பாத்தா மச்சான் வாசலில நிண்டு பல்லு விளக்கிறார். அதுக்குப் பிறகு நான் கேக்காமப் போறேல்லை. ஆர்?"

மாகிரட் வண்டிக் கதவின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். கடல் எடுத்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வருவான், சாப்பிடுவான், கேட்பான் என்ற சொற்களோடுதான் சேர்த்துச் சொல்லி வந்திருந்தார். தனியாக அது வாய்க்குள் திரும்ப மறுத்தது. கனகரத்தினம் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து நின்றார்.

"மெல்ரோய்" என்றார் மாகிரட். "இக்னேசியஸ் மெல்ரோய். என்ர மகன்."

அந்த நேரத்தில் இலங்கைத்துறையில் சரிந்து கிடந்த படகு நிமிர்ந்தது. நிழல் விலகியதால் வலை பொத்தியவர்கள் தங்கள் பலகைகளைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

ஸெய்னுதீன் ட்ரெயிலரைக் கொண்டுவந்து படகுக்கு முன்னால் இறக்கி வைத்தார். கயிற்றின் ஒரு நுனியை வானின் அடிச்சட்டத்தில் கட்டினார்கள். மற்ற நுனியை வழக்கம்போல மூக்கில். கனகரத்தினம் வண்டியை எடுத்தார். வண்டி இருமியது, புகைத்தது, படகு வரவில்லை. நிலுஷா மாகிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடல் ஏற்கெனவே படகின் பின்பக்கத்தை நக்கத் தொடங்கியிருந்தது. கனகரத்தினம் இறங்கி, படகைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"மூக்கில கட்டினா எப்பிடி வரும்?" என்றார். "மோசம்போன ஆளைத் தலையாலயா எடுக்கிறது? கால்தான் முன்னுக்குப் போகவேணும்."

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். லாண்ட்மாஸ்டரில் இருந்து பெக்கோ வரைக்கும் எத்தனை வாகனம், எவ்வளவு கயிறு. கடலுக்குப் போகிற ஒன்றை இழுக்கிற மாதிரியே அத்தனை பேரும் இழுத்திருக்கிறார்கள். "நான் இதைப் போட் எண்டெல்லோ நினைச்சிட்டன்" என்று ஸெய்னுதீன் மெல்லச் சொன்னார். கயிற்றை அவிழ்க்கப் போனவர்களை மாகிரட் கையால் மறித்தார். தானே அவிழ்த்து, முழங்கால் நனைய நடந்து, மெல்ரோய் எஞ்சினைப் பிடித்தபடி கால் ஊன்றி இருக்கிற பின்பக்கத்தில் கட்டினார். அந்த இடத்தை ஒரு தடவை தடவிவிட்டார். கனகரத்தினம் திரும்ப வண்டியை எடுத்தபோது படகு தானே திரும்பி, நித்திரைப் பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி ட்ரெயிலரில் ஏறிப் படுத்தது.

ட்ரெயிலரைச் சங்கிலியால் வானோடு பிணைத்துக்கொண்டு, மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி அந்த வண்டி போனது. கிண்ணியாவில் கடைக்காரர்கள் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு வாசலில் நின்றார்கள். படகின் அடித்துளையில் இருந்து உப்புத் தண்ணீர் வழி முழுக்கச் சொட்டி, வீதியில் ஒரு வெள்ளைக் கோடு காய்ந்தது. பாலத்து இறக்கத்தில் வண்டி ஒருமுறையும் தள்ளப்படவில்லை. அந்தப் பழைய வான் அவ்வளவு பாரத்தை எப்படி நிற்பாட்டியது என்று பிறகு கேட்டவர்களுக்கு ஸெய்னுதீன், "இவ்வளவு காலமா அதுக்குள்ள ஏறினவங்கட பாரத்தை நாங்க ஆரும் நிறுத்துப் பாக்கேல்லையே" என்றார்.

பாலையூற்றில் ஒழுங்கை நீளத்துக்கு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. படகை முற்றத்தில் வைத்தார்கள். நிலுஷா கறுப்புச் சட்டையோடு அதன் பக்கத்தில் இருந்து, மூன்று ஒழுங்கைக்குக் கேட்க அழுதாள். வந்தவர்கள் படகின் விளிம்பில் கை வைத்துவிட்டுப் போய்க் கதிரைகளில் இருந்தார்கள். மறுநாள் சேமக்காலை மதிலை ஒரு பக்கம் உடைத்து, இக்னேசியஸுக்குப் பக்கத்தில் நீளமாக வெட்டிய குழியில் அதை இறக்கினார்கள். பாதர் தீர்த்தம் தெளித்தார். கயிறு பிடித்த நாலு பேரும், கையில் ஒரு பாரமும் தெரியவில்லை, வெறும் பாயை இறக்கின மாதிரி இருந்தது என்றார்கள்.

அந்தப் பாரம் மாகிரட்டுக்கு வந்தது. அடக்கம் முடிந்து வந்து இருந்தபோது கதிரையின் கால்கள் சீமெந்துக்குள் இறங்கின. வைத்தியசாலைத் தராசு பழைய எடையைத்தான் காட்டியது. டொக்டர் ஒரு விற்றமின் எழுதிக் கொடுத்தார். பஸ்காரர்கள் பின் சில்லுக்கு மேலே உள்ள இருக்கையை அவருக்கு விட்டு வைக்கிறார்கள். மழைக்காலத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் அவர் கால் பதிந்த இடங்களில் தண்ணீர் தேங்கி, தவளைக் குஞ்சு நிற்கும். பக்கத்தில் நடக்கிற நிலுஷாவின் சுவடும் முந்தியை விடக் கொஞ்சம் ஆழந்தான். இதைப் பற்றி இப்போது ஒருவரும் கதைப்பதில்லை. சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் அர்ஷாக், மாமியும் மருமகளும் வருவதைக் கண்டால் இறங்கிப் பின் சில்லைக் காலால் அமத்திப் பார்ப்பார்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. காத்தடிச்சிட்டு வாறன்."

"ஓம் தம்பி, ஆறுதலாச் செய்யுங்கோ" என்பார் மாகிரட். பிறகு, வண்டி ஒரு பக்கம் சரியாமல் இருக்க, நடுவில் ஏறி இருப்பார்.