'காலி' என்று எழுதவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னது. நான் கேட்டுவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். பிறகு இருக்க முடியவில்லை.

அண்ணிக்குத் துறைமுகத்தில் வேலை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் கன்டெய்னர் பெட்டிகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே போய் நின்றதும் வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள். இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டியில் ஓட்டை. ஒரு நாளைக்கு நாற்பது இருட்டு.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். ஒன்று இப்படி: "கப்பல்கள் நிறைந்து வந்தன, வெறுமையாகத் திரும்பின. ஒரு நாடு தான் விற்பதைவிட அதிகமாக வாங்கும்போது அதன் நாணயம் மெல்ல மெல்ல—"

(இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது. செய்தித்தாளில் வணிகப் பற்றாக்குறை என்று போடுகிறார்கள். அண்ணி சொன்னதே போதும்: "வரும்போது சரக்கு. போகும்போது காத்து.")

3

அடுத்த சிக்கல் என் அண்ணன். கதைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவனை ஊதாரியாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கண்ணன் ஊதாரி இல்லப்பா. பழைய ஃபிரிட்ஜ் ரிப்பேரு, புதுசு வாங்கினோம். அதோட சேத்து டிவி. கையில காசே இல்லாம கடைக்குப் போனோம், தவணையில வண்டி நிறைய சாமானோட வந்தோம். தெருவே அப்படித்தான் வாங்குச்சு. நாங்க மட்டும் என்ன தனியாவா?"

அந்த வரிகளை அடித்துவிட்டேன். இப்போது அண்ணன் நல்லவன். ஆனால் கதை இன்னும் பயமுறுத்துகிறது.

(நான் தட்டிக்கொண்டிருக்கும் இந்த லேப்டாப்புக்கு இன்னும் ஏழு தவணை. அது கதைக்கு வேண்டாம்.)

4

நடந்தது இதுதான். பண மதிப்பு சரிந்து கப்பல் வரத்து குறைந்த மாதம். காலை பத்து மணி, நல்ல வெயில். காகிதத்தில் 'காலி' என்று இருந்த ஒரு பெட்டியை அண்ணி திறந்தார்.

உள்ளே வீடுகள் இருந்தன.

(வீட்டுச் சாமான்கள் என்று திருத்தினேன். அண்ணி மறுபடியும் 'வீடுகள்' என்றே மாற்றச் சொன்னார்.)

சோபாக்கள், கட்டில்கள், வரிசையாக ஃபிரிட்ஜுகள். ஒன்றின் கதவில் குழந்தை ஒட்டிய நட்சத்திரங்கள். நடுவே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அண்ணி உள்ளே போனார். ஒரு வாஷிங் மெஷினின் மூடியைத் தூக்கினால் ஒற்றைக் காலுறை. தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை.

அப்போது வெளியே இருந்தவர், தினமும் செய்கிற பழக்கத்தில், கதவைச் சாத்திவிட்டார்.

"இருட்டு எனக்குப் பழக்கம்தான். ஆனா காலிப் பெட்டில என் மூச்சு மட்டும்தான் கேக்கும். அன்னிக்கு நாலாப் பக்கமும் கடிகாரம் ஓடுது. ஒவ்வொரு சோபாலேருந்தும் ஒவ்வொரு வீட்டு வாசனை. யாரோ எழுந்து போன இடத்துல உக்காந்தா சூடு இருக்கும்ல, அது மாதிரி."

"கத்தினீங்களா அண்ணி?"

"இல்ல. கத்தினா உள்ள இருந்து யாராவது என்னன்னு கேட்டுடுவாங்களோன்னு இருந்துச்சு."

5

மேற்பார்வையாளர் கெட்டவரல்ல. கதவைத் திறந்ததும் அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"தவணை கட்டாத வீடுங்கள்ல எடுத்ததும்மா. வெளிநாட்டுல வித்தவனுக்கே பாதி விலைக்குத் திரும்பப் போகுது. நீங்க காலின்னு எழுதிடுங்க."

"கண்ணால பாத்தேனே சார்."

"போன வாரம் பன்னெண்டு பெட்டி போச்சு. அதுக்கும் காலின்னுதான் கையெழுத்து. யாரும் கேக்கல."

அண்ணிக்கு வேலை போகலாம். சம்பளம் நின்றால் வீட்டுச் சாமான்களின் தவணையும் நிற்கும். இருந்தும் பேனாவை வாங்கி 'நிறைந்துள்ளது' என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். மேற்பார்வையாளர் திட்டவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் பெட்டி கப்பலில் ஏறிவிட்டது.

மறுநாளிலிருந்து வேலை பாதி நாள், சம்பளமும் பாதி. இரண்டு தவணை தவறியது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் பட்டியலோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையானவர்கள், செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். ஒருவர் ஃபிரிட்ஜிலிருந்த பாலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "கெட்டுடும் சார், காய்ச்சிடுங்க" என்றார். அண்ணன் நன்றி சொன்னான். அதைச் சொல்லும்போதுதான் அண்ணி துணி மடிப்பதை நிறுத்தினார்.

6

திங்கட்கிழமை அண்ணி வேலைக்குப் போனார். ஒரே ஒரு பெட்டி காத்திருந்தது. காகிதத்தில் 'காலி'.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அண்ணி பெட்டியைத் திறக்கிறார்; எல்லாம் தன் வீட்டில் இருந்த அதே வரிசையில், அதே இடைவெளியில் நிற்கிறது, அண்ணன் உட்காரும் மூலையில்— (வேண்டாம்.) இன்னொன்றில் திறக்காமலே 'காலி' என்று எழுதிவிட்டு மதியமே வீடு திரும்புகிறார். இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"உண்மையில என்ன ஆச்சு அண்ணி? திறந்தீங்களா?"

மடித்த துணிகளை அடுக்க அலமாரி இல்லை. தரையிலேயே சுவரோரமாக அடுக்கிவிட்டு எழுந்தார்.

"நீதானே எழுதுறே. நீயே திற."

நான் திறக்கவில்லை. எனக்குத் தைரியமில்லை. கதவின் இரும்புக் கம்பி வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் திறப்பதானால், கையில் துணி சுற்றிக்கொண்டு பிடியுங்கள்.