மிஷினில் ஓடிய பழைய படம்

ஸ்கேன் அக்காவுக்கு அடுத்தவர் வயிற்றுக்குள் பார்ப்பதே பிழைப்பு. வாயும் கொஞ்சம் நீளம். போன மாதம் வாயுக்கோளாறு என்று வந்த ஒருத்திக்கு ஏழு மாதக் குழந்தையே இருந்தது. "உன் வயிறு, உனக்கே தெரியாதா?" என்று அவளைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள்.

அக்காவுக்கு அதெல்லாம் முடிந்த கதை. கல்யாணமான புதிதில் இரண்டு தடவை கரு தங்கியது. இரண்டு தடவையும் இதயத்துடிப்பு மட்டும் வரவேயில்லை. இப்போது வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. எப்போதும் தாறுமாறாக வரும் மாதவிலக்கும் நின்றிருந்தது. சரி, கடையைச் சாத்தியாச்சு என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு பூசியிருக்கே என்ற புருஷனிடம், நாள் முழுக்க உட்கார்ந்தால் இளைக்கவா செய்யும் என்று எரிந்து விழுந்தாள்.

அன்று மிஷின் மக்கர் பண்ணியது. மெக்கானிக் பின்பலகையைக் கழற்றிக் குடைந்துவிட்டு, படம் வருகிறதா பாருங்கக்கா என்றான். அந்த மாதிரி நேரத்தில் தன் வயிற்றிலேயே வைத்துப் பார்ப்பதுதான் அவள் வழக்கம். கட்டிலில் சாய்ந்து ஜெல்லைத் தடவினாள். ஈரல் பளிச்சென்று வந்தது. கருவி அடிவயிற்றுப் பக்கம் நழுவியது. திரையில் ஒரு குட்டிப் பாதம்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்னப்பா ரிப்பேர் பார்த்தே? காலையில வந்தவளோட படம் ஓடுது."

மிஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மெமரியைக் கழட்டி மேஜை மேல வெச்சிருக்கேன்க்கா. பழைய படம் எப்படி வரும்?"

மேஜையைப் பார்த்தாள். இருந்தது. வேண்டுமென்றே இருமினாள். திரையில் படமும் கூடவே குலுங்கியது.

அம்மாடி! நஞ்சுக்கொடி முன்பக்கம் மெத்தை மாதிரி ஒட்டியிருந்தது. உதைத்த உதையெல்லாம் அதில் அமுங்கிப் போயிருக்கிறது. மிச்சத்தை வாயு என்று சோடா குடித்தே அனுப்பியிருக்கிறாள். போன மாதத்துக்காரிக்கு ஏன் தெரியாமல் போனது என்று இப்போது புரிந்தது.

ஆனால் பாதம் அசையவில்லை. இதயத்தைத் தேட வேண்டும். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தேடிக் கொடுத்த கைதான். இப்போது இடம் தெரியாமல் தடவியது. கடவுளே, இந்தத் தடவையாவது என்று மனசு அடித்துக்கொண்டது.

கிடைத்தது. சத்தத்தைக் கூட்டினாள். துடிப்பு அறை முழுக்க ஓடியது.

"படம் வருதாக்கா?"

"வருது."

"அப்ப ஆஃப் பண்ணிடட்டுமா?"

"தொடாதே தம்பி," என்றாள். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."