டிவியில் வந்த பாதிப் பேச்சு

பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். ஆனால் ஒருத்தியும் வயலில் இறங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கிவிட்ட அமலோற்பவத்துக்கு, வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. இருபது வருஷமாக இவர்களை நடவுக்குக் கூட்டிவருகிறவள் அவள். ஒரத்தநாட்டைச் சுற்றி யாருக்கு நடவாள் வேண்டுமென்றாலும் அவளிடம்தான் சொல்லியனுப்புவார்கள்.

"ஏன்டி, எறங்கலையா?"

"நாங்க எதுக்கு? நீதான் குலவை போட்டு மிஷினை அழைச்சிட்டியே. அதையே நடச் சொல்லு" என்றாள் ரெங்கம்மாள். வரப்பு முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்பில்லை அது.

முந்தாநாள் வயல்காரர் கோவிந்தராசுவின் இதே வயலில்தான் நடவு மிஷினை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு அரசு மானியம் அறிவித்திருந்த நேரம். ஆளுங்கட்சி டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். பக்கத்து வயலில் இவர்கள் கைநடவை முடித்ததும், கடைசி நாற்றை ஊன்றிவிட்டு வழக்கம்போல எல்லோருமாகக் குலவையிட்டார்கள். அப்புறம் ஒருவர் மைக்கை நீட்டி இடுப்புவலியைப் பற்றிக் கேட்டார். "மிஷின் வந்தா வலி போவும். வேலையும் போவும்" என்றாள் அமலோற்பவம். நேற்றுச் சாயங்காலச் செய்தியில் மிஷின் ஓடியது. அதன்மேல் குலவைச் சத்தம் கேட்டது. அவள் முகம் வந்து, 'மிஷின் வந்தா வலி போவும்' என்றது. அவ்வளவுதான்.

பொய் சொன்னார்கள் என்று சண்டை போடவும் வழியில்லை. சொன்னது அவள்தான். மிஷினை ஓட்டியவன் நிமிர்ந்த முதுகோடு வரிசை வரிசையாக நட்டுப்போனதைப் பார்த்தபோது மனசுக்குள் கொஞ்சம் ஆசை வந்ததும் நிஜம். அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் டிவியில் வந்ததே சரி என்றாகிவிடும்.

மிஷின் திரும்ப முடியாத மூலைகளெல்லாம் வெறும் சேறாகக் கிடந்தன. அவற்றைக் கையால்தான் நடவேண்டும். கோவிந்தராசு வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னா அமலோற்பவம், மாநாடா? ரெண்டு புள்ளையும் சிங்கப்பூர்ல கெடக்குது, நானா குனிஞ்சு நடமுடியும்? பத்து மணிக்குள்ள எறங்கலைன்னா வேற ஊர் ஆளைக் கூப்புட்டுக்குவேன். அப்புறம் இந்த வருஷம் பூராவும் அவங்கதான்."

"எறங்கிடுவாங்கய்யா."

"எறங்குவோம்" என்றாள் ரெங்கம்மாள். "டிவியில வந்தது அப்படி இல்லேன்னு இவ சொல்லட்டும். எதிர்க்கட்சில இருக்குற என் மருமவன் அவங்க டிவியை வரச்சொல்லியிருக்கு."

சொன்னபடியே வேன் வந்தது. கலைமகள் என்று பெயர் சொன்ன பெண், செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வந்து அன்பாகத்தான் மைக்கை நீட்டினாள். இந்தத் தடவை வெட்ட இடம் கொடுக்கக்கூடாது என்று அமலோற்பவம் ஒரே மூச்சில் சொன்னாள்: "வலி போவும் வேலையும் போவும் அந்த மிஷினை எங்க கையில குடுத்தா ஓட்டவும் கத்துக்குவோம்."

"சூப்பர்க்கா. ஆனா வேலை போவும்ங்கிறத மட்டும் இன்னொருவாட்டி சொல்லுங்க, கொஞ்சம் அழுத்தமா. வலியெல்லாம் வேணாம், ஜனங்க கொழம்பிடுவாங்க."

வரப்பில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. ரெங்கம்மாள் எழுந்து கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இவங்களும் வெட்டத்தான் வந்திருக்காங்க. புரியுதுடி எனக்கு. சொல்லித் தொலையேன். நம்ம பக்கமாத்தானே வெட்டுறாங்க."

ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் பதினான்கு பேரும் இறங்கிவிடுவார்கள். பொய்யும் இல்லை. நேற்று வந்ததும்தான் பொய்யில்லை.

"எனக்கு வரலைம்மா" என்றாள் அமலோற்பவம் கலைமகளிடம். கையில் இருந்த நாற்றோடு மூலைக்குப் போய்க் குனிந்தாள். இடுப்பு பிடுங்கியது. கேமரா ஓடுகிறதா, மூடிவிட்டார்களா என்று தெரியவில்லை. நான்கு வரிசைக்குள் நாற்று தீர்ந்துவிட்டது. மிச்சம் வரப்பில் ரெங்கம்மாளின் காலடியில் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் திரும்பி, அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வெறுங்கையைச் சேற்றில் ஊன்றியபடி அப்படியே நின்றாள்.

பின்னாலிருந்து ஒரு நாற்றுக்கட்டு பறந்து வந்து, எட்டுகிற தூரத்தில் பொத்தென்று விழுந்தது. சேறு தெறித்துக் கன்னத்தில் அப்பியது. யார் எறிந்தது என்று திரும்பிப் பார்க்காமல், அவள் கட்டை அவிழ்த்தாள்.