வருகிற வழியும் போகிற வழியும்

1

என் வீட்டு இன்டர்நெட் இணைப்பு செத்துப்போன ஒரு மதியத்தில் கிடைத்த கதை இது. சரிசெய்ய வந்த கேபிள்காரர் சொன்னார்: "ஒரே கேபிள்தான் சார். உள்ள வர்றதுக்கு அகலமான ரோடு, வெளிய போறதுக்கு ஒத்தையடிப் பாதை." அவர் போய்விட்டார். அந்தப் பேச்சு போகவில்லை.

முதல் தொடக்கம்: 'அம்மா மகனிடம் பேசிக்கொண்டே' — வேண்டாம். படம் நின்றாலும் குரல் எப்படியாவது தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே அவளுக்குப் பிறவியிலேயே காது கேளாது என்று மாற்றினேன். அவள் கைகளால் பேசுகிறவள். திரையில் கை உறைந்தால் சொல் இல்லை.

2

மகன் தொலைவில் வேலை பார்க்கிறான். வாரந்தோறும் வீடியோவில் வருவான். அவன் தாடியில் ஒவ்வொரு முடியும் தெரியும். தனக்கு அவன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தால், அவனுக்குத் தானும் அப்படித்தான் தெரிவதாக அம்மா நம்பினாள். போன வாரம் கைகளால் சொன்னாள்: வயிற்றில் கட்டி, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன், நீ வா. அவன் தலையாட்டினான். சிரித்தான். கையசைத்துவிட்டுப் போனான். வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

(செய்தி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். கூட இருக்கும் அவள் தங்கை போன் செய்யப் போனாள், இவள்தான் தடுத்தாள். சொல்லியாகிவிட்டது, சிரித்துவிட்டான். அதற்குமேலும் கெஞ்சுகிறவளாக அவளை எழுத எனக்கு வரவில்லை.)

3

இன்று புதன். இணைப்பு அடியோடு நின்றதால் கேபிள்காரர் வந்தார். தங்கை நடுவில் நின்று இரண்டு பேருக்கும் வாயாகவும் கையாகவும் இருந்தாள்.

"கேபிள் முனை துருப்பிடிச்சு ஆடுதும்மா. இப்படி இருந்தா வெளிய போறதுதான் முதல்ல அடிவாங்கும். ரொம்ப நாளாவே இருந்திருக்கும்."

"என்னங்க சொல்றீங்க? படம் கண்ணாடி மாதிரி வருமே!" என்றாள் தங்கை.

"வர்றது வரும். உங்க படம் அங்க நின்னு நின்னு போயிருக்கும். பாக்குறவரு ஒண்ணும் சொல்லலியா?"

"அவனா? எது சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டுவான்."

தங்கை சிரித்தபடி அதைக் கையால் சொன்னாள். பாதியில் சிரிப்பு நின்றது. அக்காவின் முகம் அப்படி இருந்தது.

ஆபரேஷன் விஷயமே அவனுக்குத் தெரியாது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அடுத்த மூச்சிலேயே கேள்வி வந்தது. அப்படியானால் எதற்குத் தலையாட்டினான்?

கேபிள்காரர் புது முனையைத் திருகி முடித்தார். "இனிமே பளிச்சுனு போகும். கூப்பிட்டுப் பாருங்க."

4

முடிவு ஒன்று: விஷயம் தெரிந்ததும் அவன் அலறியடித்துக்கொண்டு கிளம்பி — கோடு போட்டு அடித்துவிட்டேன். பஸ் ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

முடிவு இரண்டு: அம்மாவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கைவலி கொடுக்க வேண்டாம் என்றுதான் புரிந்ததுபோல் நடித்தான். இருக்கலாம். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். தலையாட்டலைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

அவள் கூப்பிட்டாள்; அவன் திரைக்கு வந்துவிட்டான். அவள் சொல்ல வேண்டியவை இரண்டு: நாளைக்கு எனக்கு ஆபரேஷன், இத்தனை நாளும் நீ எதற்குத் தலையாட்டினாய்?

எது முதலில்? என்னிடம் விட்டால் மன்னிக்க வைத்துவிடுவேன். எழுத அதுதான் சுலபம். நீங்கள் சொல்லுங்கள். அவள் கைகளைத் தூக்கிவிட்டாள். இந்தமுறை எதுவானாலும் போய்ச் சேர்ந்துவிடும்.