பத்தாவது போல்ட்

இருமல் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை அணைக்காமல்கூட வெந்நீர் டம்ளரோடு ஷெட்டுக்கு ஓடி வந்தாள். வந்து பார்த்தால் அங்கே நின்றது செடி நர்சரிக்காரரின் பழைய பிக்கப் வண்டி. அதன் இன்ஜின்தான் இருமிக்கொண்டிருந்தது. முதலில் குட்டையாய் இரண்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு நெஞ்சைப் பிராண்டிக்கொண்டு வரும் நீளமான ஒன்று. அதற்கப்புறம், யாராவது தண்ணீர் கொண்டுவருவார்களா என்று பார்ப்பதுபோல ஒரு மௌனம்.

அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பதினைந்து வருடமாக அவர் இப்படித்தான் இருமினார்.

அம்மா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மகளுக்கு உடம்பு சில்லிட்டது. ஆனாலும் அவள் அப்படியெல்லாம் சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவள். எதற்கெடுத்தாலும் பொசுக்கென்று கோபம் வரும் என்பதால் வீட்டில் அவளுக்கு 'ஃபியூஸ்' என்று பேர். இன்ஜின் மட்டும் அப்பாவின் இலாகா. "வயர் எல்லாம் உன்னோடது. எண்ணெய் படுற இடத்துல நீ கை வைக்காதே" என்பார்.

"உங்கப்பா கடைசியா முடிச்ச வேலைம்மா இது" என்றார் நர்சரிக்காரர். "ரிங் மாத்தி, ஹெட்டைக் கழட்டி, கேஸ்கட் புதுசு போட்டுக் குடுத்தாரு. முதல் ஒரு வாரம் பூ மாதிரி ஓடுச்சு. அப்புறம்தான் இப்படி. மேடு ஏறவே மாட்டேங்குது."

"எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருப்பீங்க?"

"ஐந்நூறு இருக்கும்." அவர் குரலைத் தணித்தார். "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. பக்கத்து சீட்ல யாரோ உக்காந்து இருமுற மாதிரியே இருக்கு. நேத்து என்னையும் அறியாம, 'கண்ணாடியை ஏத்தி விடட்டுமா'ன்னு கேட்டுட்டேன்."

ஃபியூஸ் சிரிக்கவில்லை.

அப்பா அந்த இன்ஜினை மூடிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார், தலையை ஆட்டிக்கொண்டார், கையைக் கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அன்று முழுக்க அவள் தனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். வயர் ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. பாயிண்ட் இடைவெளி சரி, டைமிங் சரி. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினாள். காற்றுக் குழாய் எதுவும் கிழியவில்லை. ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் குட்டையாய் இரண்டு, நீளமாய் ஒன்று. கடைசியாக கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், அளந்தாள். மூன்று சிலிண்டரில் முள் நன்றாக ஏறியது. நான்காவதில் பாதியிலேயே நின்றுவிட்டது. புதுசாக மாற்றிய பிஸ்டன் ரிங் உடைந்திருந்தால் இன்ஜினையே மறுபடி பிரிக்க வேண்டும். அப்பா கடைசியாகச் செய்த வேலையில் தப்பு இருந்தது என்று ஊரெல்லாம் பேச்சாகும்.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்தாள். இன்ஜின் தலைமேல் மூடியாக இருக்கும் டேப்பட் கவரின் இரண்டு நட்டும் கழன்று தளர்ந்திருந்தன. விளிம்பில் எண்ணெய் கசிந்திருந்தது. நேற்று அந்தப் பக்கம் அவள் கையே வைக்கவில்லை. ஓட்டத்தில் தானாகத் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு இறுக்கினாள்.

அதற்கடுத்த காலை நட்டுகள் கவரின் மேலேயே இல்லை. பக்கத்தில், ஒரு துணித் துண்டின்மேல், வாஷரோடு ஜோடி ஜோடியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கழற்றியதை அப்படி அடுக்கி வைப்பவர் அப்பா ஒருவர்தான்.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"ஏம்மா, ஷெட்டுக்குப் போனியா?"

"நான் எதுக்குடி போறேன்?"

"வண்டியில கை வச்சியான்னு கேக்கிறேன்."

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். "அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை கால் ஓடலை. இதுல நான் ஸ்பேனர் வேற எடுப்பேனா?" மறுபடி அரியத் தொடங்கி, "சரி பண்ணிடுவியா அதை?" என்றாள். சரி செய்யச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை.

அன்று ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள் ஃபியூஸ். பானெட்டின் குறுக்கே மெல்லிய செம்புக் கம்பி ஒன்றையும் கட்டி, நுனியை ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். அவள் வைத்த பற்றை உருக்காமல் அந்தக் கம்பியை யாராலும் அவிழ்க்க முடியாது.

காலையில் கம்பி வைத்தபடியே இருந்தது. பற்றை உருக்கி எடுத்துப் பானெட்டைத் தூக்கினாள். டேப்பட் கவர் முழுசாகக் கழன்று, குப்புற, பேட்டரிமேல் கிடந்தது.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, ஷெட்டுக்குள் மட்டும் மூச்சுவிடுவதற்கே கூச்சமாக இருந்தது. யாரோ பக்கத்தில் நின்று, 'இப்பவாவது பாரேன்' என்று காத்திருப்பதுபோல. அவள் குனிந்து பார்த்தாள்.

ஹெட்டை இன்ஜினோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட் மொத்தம் பத்து. அவற்றில் ஒன்பதின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இருந்தது. அது அப்பாவின் வழக்கம், கடைசி இறுக்கம் முடிந்த போல்ட்டுக்கு மட்டும்தான் கோடு போடுவார். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஹெட்டுக்கு அடியில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தகட்டைப் புதுசாகப் போட்டால் வேலை அன்றைக்கே முடிவதில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, எல்லாப் போல்ட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குவார். இந்த வண்டிக்கு அதைச் செய்ய அவர் இல்லை.

அப்படியானால் இந்தக் கோடுகள்?

விரலால் ஒன்றைத் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. விரல் நுனி மஞ்சளாகிவிட்டது.

அலமாரியிலிருந்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தாள். உள்ளே பெயிண்ட் கல்லாய் இறுகி, வெடித்துப்போயிருந்தது. டப்பா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். ஒன்பது கோடுகளையும் பார்த்தாள். மகளின் விரலையும் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, அதுதான் ஃபியூஸுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"பத்தாவது மட்டும் விட்டுட்டாரு" என்றாள் அம்மா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பின்மூலை போல்ட்டுதானே? அங்க அவருக்கு ஒரு கைதான் போகும். இந்த மாதிரி வண்டி வந்தா என்னைத்தான் கூப்பிடுவாரு. நான் ரென்ச்சோட நீட்டுக் கம்பியை நேராப் பிடிச்சுக்கணும், அவரு இழுப்பாரு. ஒரு தடவை பிடி வழுக்கி, என் பல்லு பேந்திருக்கும். அதுக்கு மூணு நாள் கெஞ்சினாரு." அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "எடுடி அந்த டார்க் ரென்ச்சை."

எவ்வளவு இறுக்கம் என்று முள் காட்டும் அந்த நீளமான ஸ்பேனரை ஃபியூஸ் அதுவரை தொட்டதேயில்லை. முதலில் மற்ற ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் இம்மி பிசகாமல் ஒரே இறுக்கம். பத்தாவதில் சாக்கெட்டை மாட்டி, நீட்டுக் கம்பியைச் செருகினாள். அம்மா மட்கார்டுமேல் ஒருக்களித்துச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டுக் கம்பியைப் பிடித்தாள். எத்தனையோ தடவை பழகிய கை அது. தேடாமலேயே போய்ச் சேர்ந்தது.

"மெதுவா இழு. வெடுக்குன்னு இழுக்காதே."

போல்ட் ஒரு கால் சுற்று திரும்பியது. முனகிக்கொண்டே இன்னும் கொஞ்சம். முள் மற்ற ஒன்பதின் அளவுக்கு வந்து நின்றது.

"போதும்" என்றாள் அம்மா. பிறகு, அதே மூச்சில், "கையை எடுங்க, நசுங்கிடும்" என்றாள்.

அம்மா மகளிடம் ஒருநாளும் 'வாங்க போங்க' என்று பேசியதில்லை, அப்பாவிடம் மட்டும்தான். ஃபியூஸ் மெல்லத் தன் கையை எடுத்தாள்.

கவரை மூடி, நட்டுகளை இறுக்கி, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒருமுறை பொருமியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. நான்கு சிலிண்டரும் ஒரே தாளத்தில். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இருமல் வரவில்லை. கம்ப்ரஷனை மறுபடி அளந்தபோது நான்காவதும் மற்றவற்றோடு சரிசமமாக ஏறியது.

"ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?" என்றாள் அம்மா. மூன்று வாரமாக வாசலைத் தாண்டாதவள்.

பாலம்வரை போனார்கள். மேட்டில் வண்டி அலுங்காமல் ஏறியது. அம்மா ஓரமாக, கதவை ஒட்டி, நடுவில் ஓர் ஆளுக்கு இடம்விட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது, பாதி வழியில், அவள் நகர்ந்து நடுவில் சரியாக உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் ஃபியூஸுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்து, சத்தம்போட்டு அழுதாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நர்சரிக்காரர் வந்து ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"என்னம்மா கோளாறு?"

"ஒரு போல்ட் இறுக்காம விட்டுப்போயிருந்துச்சு."

"உங்கப்பாவா? அவரு விடற ஆளில்லையே."

"இல்ல" என்றாள் ஃபியூஸ். "விடற ஆளில்ல."

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, தெருவில் திருப்பி, கையை அசைத்துவிட்டுப் போனார். அவள் உள்ளே வந்தாள். கூடத்தில் அம்மா பாயில் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபியூஸ் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.