குளம் இறைத்த நாள்

தவராசாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதிலும் மகன் இல்லாத வீட்டில், மருமகளின் தயவில் இருக்கும் மனிதர் சும்மா இருந்தால் எப்படி? கீதன் போன வருஷம் மோட்டர்வே விபத்தில் செத்துப்போனான். அதன் பிறகும் லின்ஃபீல்ட் வீட்டில் வித்தியா அவரை வைத்திருந்தாள். நேரத்துக்குச் சாப்பாடு வரும், மரியாதைக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒருநாள் அவள் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிடுவாளோ என்ற பயம் அவரை விட்டுப் போகவில்லை.

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டும் விட்டார். வித்தியா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவரின்ர மீனுகளை விட்டிட்டு நான் எங்க மாமா போறது?" என்றாள்.

அன்றிலிருந்து பின்வளவுக் குளத்து மீன்கள்தான் தவராசாவுக்கு எல்லாம். கீதன் தன் கையால் வெட்டிய சின்னக் குளம், பதினொரு தங்கமீன்கள். அவை இருக்கும்வரை வித்தியா இருப்பாள். வித்தியா இருக்கும்வரை தனக்கும் ஓர் அறை உண்டு. அவ்வளவுதான் விஷயம்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த நாட்டில் மே மாதக் கடைசியில் குளிர் இறங்கியது. மேப்பிள் இலைகள் உதிர்ந்து குளத்தில் அழுகின. தண்ணீர் கறுத்து லேசாக நாறியது. வேலைக்குக் கிளம்பும்போது வித்தியா சொன்னாள்: "விண்டருக்கு முன்னம் குளத்தை ஒருக்கா ஒழுங்குபண்ண வேணும் மாமா. இலையளை அள்ளிப்போட்டு மேல வலை கட்டினாக் காணும். சனிக்கிழமை பாப்பம்."

சனிக்கிழமை வரைக்கும் அவர் பொறுப்பாரா? அவள் கார் தெருமுனையில் திரும்பியதும் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஊரில் வருஷாவருஷம் கிணறு இறைத்த கை அது. அடிவரைக்கும் இறைத்து, சேற்றை வழித்து, பாசியைத் தேய்த்தால்தான் கிணறு துப்பரவாகும். குளம் மட்டும் என்ன வேறா? மீன்களைப் பிடித்துக் குளத்துத் தண்ணீரோடு இரண்டு வாளிகளில் விட்டார். பழைய தண்ணீரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இறைத்தார். கல்லுக் கல்லாகத் தேய்த்தார். அறுபத்தெட்டு வயது இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. பிறகு குழாயைத் திறந்துவிட்டார். குளம் நிறைந்தபோது அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன. மனிதருக்கு அப்படியொரு பெருமை. மீன்களை விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

கிணற்றுக்கு ஊற்று இருக்கிறது. இந்தக் குளத்துக்கு வந்ததோ குளோரின் போட்ட நகரத்துக் குழாய்த் தண்ணீர். மனிதரை அது ஒன்றும் செய்யாது, மீனின் செவுளை எரித்துவிடும். அந்தப் பாவி மனிதருக்கு இதை யார் சொன்னார்கள்?

திரும்பி வந்தபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பசி என்று நினைத்து ஒரு பிடி தீனி போட்டார். ஒன்றும் தொடவில்லை. ஒரு மீன் சரிந்தது, பிறகு இன்னொன்று. பதறிப்போய் வாளியில் திரும்ப அள்ளினார். இந்த முறை வாளியை நிரப்பியதும் அதே குழாய்த் தண்ணீர்தான். மூன்று மணிக்குள் பதினொன்றும் மல்லாந்துவிட்டன. ஈரச் சறத்தோடு குளக்கரையில் குந்தி, "கீதன், கீதன்" என்று வாய்விட்டு அழுதார். மகனின் செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை.

வித்தியா ஐந்து மணிக்கு வந்தாள். நேரே குளக்கரைக்கு வந்தாள்.

"கராஜில நீலப் போத்தில் ஒண்டு இருந்ததே மாமா. குளோரின் போறதுக்குக் குழாய்த் தண்ணிக்கு அதில கொஞ்சம் விடவேணும்."

"தெரியாமச் செய்திட்டன் பிள்ளை. என்னை ஏசு. என்ன வேணுமெண்டாலும் ஏசு."

அவள் ஏசவில்லை. கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டு, மீன்களை ஒவ்வொன்றாகக் கைவலையால் எடுத்துச் செடியடியில் புதைத்தாள். கடைசி மீனை மூடிவிட்டு நீண்ட மூச்சு விட்டாள். தவராசா அவள் முகத்தைப் பார்த்தார். கோபமாக இருந்தால் காலில் விழுந்தாவது சமாளித்திருப்பார். அவள் முகத்தில் இருந்தது பாரம் இறங்கிய நிம்மதி.

"உள்ள வாங்கோ மாமா, குளிருது" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். ஈர உடுப்பை மாற்றச் சொன்னாள்.

அவர் மாற்றிக்கொண்டு வந்தபோது குசினியில் அவள் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில், நகரத்தின் மறுகோடியில் தகனினியில் இருக்கும் அனுஷன், தவராசாவின் தங்கை மகன்.

"ஓம் அனுஷன், மாமா சுகமா இருக்கிறார். உங்கட வீட்டில அந்த முன்னறை இன்னும் சும்மாதானே கிடக்கு?"