உறையாத மூன்றாவது குழாய்

ஆராய்ச்சிக்காரி தன் கணவனின் கையிலிருந்து எடுத்த ரத்தம் பதினான்கு ஆண்டுகளாக உறையவில்லை. உறைதலைத் தடுக்கும் மருந்து எதுவும் அந்தக் கண்ணாடிக் குழாயில் இல்லை. யாருடைய ரத்தமானாலும் வெறும் கண்ணாடியில் பத்து நிமிடத்துக்குள் கட்டியாகிவிடும். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு நகர்ந்து மனிதர்கள் பேச்சின் நடுவே செத்துப்போவது ஏன் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நோயாளிகளோடு ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டியிருந்ததால், லிப்ட் மெக்கானிக்கான கணவனை ஒரு மாலை வரச் சொன்னாள். "வீட்ல உறிஞ்சுறது பத்தலையா?" என்று சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான். மறுநாள் காலை கருவிப்பையோடு கிளம்பியவன் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அடுக்கில் மற்ற குழாய்களெல்லாம் உறைந்திருக்க, மூன்றாவதாக இருந்த அவனுடைய குழாய் மட்டும் வெதுவெதுப்பாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

ஆராய்ச்சிக்கூட இயக்குநர் முதலில் அவளைச் சந்தேகித்தார். குழாயைத் தன் அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். உறையவில்லை. கண்ணாடியைச் சந்தேகித்து வேறு குழாய்க்கு மாற்றினார். பிறகு துடைக்க வருபவரை, மின்சாரத்தை, கடைசியில் தன் கண்ணையே சந்தேகித்துப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். உறைவதற்கு வேண்டிய சத்துகள் எதுவும் அந்த ரத்தத்தில் குறையவில்லை என்று அவள் எழுதிய கட்டுரையை எந்த இதழும் ஏற்கவில்லை. காலில் கட்டும் ரத்தத்தைப் பற்றி அவள் எழுதியவை மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தன, பலர் பிழைத்தார்கள். ஆனால் மாநாடுகளில் கைகுலுக்கியவர்கள், அந்தக் குழாய் உள்ளே இருக்குமோ என்று ஓரக்கண்ணால் அவள் கைப்பையையே பார்த்தார்கள்.

வீட்டில் சந்தேகம் வேறு மாதிரி இருந்தது. "அண்ணனைக் கடைசியாப் பார்த்தது நீங்கதான் அண்ணி. உடம்புல ஊசி குத்தினதும் நீங்கதான்" என்றான் கொழுந்தன். போலீஸ்காரர்கள் தோட்டத்தைத் தோண்டினார்கள், சுவர்களைத் தட்டிப் பார்த்தார்கள், பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை உடைத்துவிட்டுப் போனார்கள். மாமியார் பெட்டியோடு வந்து அங்கேயே தங்கிவிட்டாள். மருமகள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் தன் தட்டில் கை வைப்பாள். மருமகள் தூக்கத்தில் ஏதாவது உளறுகிறாளா என்று அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். மருமகளும் தன்னையே நம்பவில்லை. தினமும் காலையில் ஆராய்ச்சிக்கூடத்தில் குழாயைச் சாய்க்கும்போது, அது ஓட வேண்டும் என்று நினைக்கிறாளா, நிற்க வேண்டும் என்று நினைக்கிறாளா என்பது அவளுக்கே தெரியாது.

ஒன்பதாம் ஆண்டு ஒரு நாள் குழாய் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மாமியாருக்குச் சொல்லி அனுப்பினாள். கிழவி வந்து, முந்தானையால் குழாயைப் பிடித்து, புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் அடிக்குது இவனுக்கு" என்றாள்.

சூடு இறங்கும்வரை இரண்டு பேரும் மாறி மாறி ஈரத்துணி சுற்றினார்கள். இயக்குநர் ஒன்றும் கேட்காமல் பனிக்கட்டி கொண்டுவரச் சொன்னார். சூடு தணிந்து வீட்டுக்கு வந்த பிறகு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியார் கேட்டாள்.

"அப்போ நீ ஒண்ணும் பண்ணல."

"இல்ல அத்தை."

"அவனாத்தான் போயிருக்கான். எங்கயோ நல்லாத்தான் இருக்கான்." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நீ ஏதாவது பண்ணியிருந்தாக்கூட எனக்கு இதைவிடத் தேவலாம்போல இருக்கு."

அன்று முதல் மாமியார் தட்டு வந்ததும் சாப்பிட ஆரம்பித்தாள். கொழுந்தன் மட்டும், அண்ணனை அண்ணி எங்கோ ஒளித்துவைத்திருக்கிறாள் என்று ஓராண்டு காலம் பின்னாலேயே சைக்கிளில் அலைந்தான். அவள் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் தவிர எங்கும் போகாததால் அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

ஓய்வுபெற்ற நாளில் இயக்குநர் குழாயை அவள் கையில் கொடுத்து, "இது உன் குடும்ப விஷயம்மா" என்றார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது அதன் சூட்டில் பால் கெட்டதால், சமையலறையில் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மின்கணக்கு எடுக்க வருபவர்கூட இப்போது அதைப் பார்த்து எதுவும் கேட்பதில்லை.

அவள் குழாயைச் சாய்த்துப் பார்க்கும்போது மாமியார் சாப்பாட்டு மேசையிலிருந்து, "எப்படியிருக்கான்?" என்பாள்.

"ஓடிட்டுத்தான் இருக்கான்."

"சரி. நீ வந்து சாப்பிடு."